வாசகர் கேள்வி: ‘மொட்டு’ என்றால் ஃபெயிலா?

பருவத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்து சேரும் சமயம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியவை.

என் மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. தமிழில் ‘மொட்டு’, கணக்கில் ‘அரும்பு’ என்று டீச்சர் சொன்னார். ஃபெயில் என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார்களா?
— வாசகி, மேலூர்

ஃபெயில் இல்லை. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பைப் பிடித்துக் கொடுக்க, 2022 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் சொற்கள் இவை. முதலில் 1 முதல் 3 வரை இருந்தது, 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு, மலர் மூன்றாம் வகுப்பு. பாடத்துக்குப் பாடம் நிலை மாறும். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பாக இருப்பது சாதாரணம்.

அதற்காக, கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டோம். பூப்பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், உங்கள் மகள் தமிழில் ஒரு வகுப்பும் கணக்கில் இரண்டு வகுப்பும் பின்னால் இருக்கிறாள். டீச்சரிடம் “எப்போது மலருக்கு வருவாள்?” என்று கேட்டால் அவர் பாவம், என்ன சொல்வார்? “எந்தக் கற்றல் விளைவில் நிற்கிறாள்?” என்று கேளுங்கள். எண்களைப் படிப்பதிலா, கூட்டலிலா, கழித்தலிலா என்று துல்லியமாகப் பதில் வரும்.

வீட்டிலேயே பத்து நிமிடத்தில் ஓரளவு பார்த்துவிடலாம். 23 புளியங்கொட்டையைக் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக எண்ணுகிறாளா, பத்து பத்தாகக் கூறு கட்டுகிறாளா? 39, 51 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 39 என்றால், கண்ணில் பட்ட 9-ஐ வைத்துச் சொல்கிறாள். ‘நூற்று ஏழு’ என்று எழுதச் சொல்லுங்கள். 1007 என்று எழுதினால், காதில் விழுந்தபடி 100-ஐயும் 7-ஐயும் ஒட்டிவைக்கிறாள், இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. இது பிடிபடாமல் கழித்தலை வாய்ப்பாடாகப் போட்டுத் திணித்தாலும் நிற்காது.

நான்காம் வகுப்புப் பையன். முதல் பருவத்தில் கணக்கில் ஏ2, இரண்டாம் பருவத்தில் பி2. இரண்டு படி இறங்கிவிட்டான். டியூஷன் வைக்கலாமா?
— வாசகர், தென்காசி

கிரேடை ஓரமாக வையுங்கள். நீங்கள் அனுப்பிய மதிப்பெண்கள்: முதல் பருவம் வளரறி மதிப்பீட்டில் (வகுப்புச் செயல்பாடுகளும் சிறு தேர்வுகளும்) 40க்கு 37, தொகுத்தறியில் (மொத்தமாக உட்கார்ந்து எழுதும் தேர்வு) 60க்கு 44, ஆக 81. இரண்டாம் பருவம் 36, 34, ஆக 70.

ஏ2 என்பது 81 முதல் 90 வரை. பி1 71 முதல் 80, பி2 61 முதல் 70. உங்கள் பையன் முதல் பருவத்தில் ஏ2-வின் வாசற்படியில் நின்றவன். இந்தமுறை இன்னும் ஒரே ஒரு மார்க் வாங்கியிருந்தால் பி1. 90இலிருந்து 81க்கு இறங்கியவனுக்கு 9 மார்க் போயும் கிரேடு மாறியிருக்காது. 81இலிருந்து 80க்கு வந்தவனுக்கு ஒரு மார்க்கில் மாறிவிடும். அதனால் கிரேடை வைத்து ஏறினான், இறங்கினான் என்று பேசுவதில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது.

ஆனால் உங்கள் கணக்கில் கவனிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. போன 11 மார்க்கில் 10, தொகுத்தறி மதிப்பீட்டில் போயிருக்கிறது. வளரறியில் 40க்கு 36 வாங்குகிறவன், தொகுத்தறியில் 60க்கு 34 என்றால், விடைத்தாளைப் பார்க்காமல் டியூஷனைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

விடைத்தாளில் மார்க் போன இடங்களை மூன்றாகப் பிரியுங்கள்: எழுதாமல் விட்டது, தவறாக எழுதியது, பாதியில் நின்றது. கடைசிப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால் நேரம் போதவில்லை. தவறாக எழுதியவற்றில் ஒரே மாதிரித் தவறு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 52 - 27 = 35 என்று போட்டிருந்தால், கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். 2இல் 7 போகாது, அதனால் 7இல் 2-ஐக் கழித்து 5 எழுதியிருக்கிறான். கடன் வாங்குவது புரியாத பிள்ளை, எந்தக் கணக்கிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும். அந்த ஒன்றைச் சரிசெய்தால் அந்த வகைக் கணக்கெல்லாம் சரியாகிவிடும்.

வாக்கியக் கணக்கில் இன்னொரு வலை உண்டு. “மாலாவிடம் 8 பென்சில்கள் உள்ளன. அது கவினிடம் உள்ளதைவிட 3 அதிகம். கவினிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டி 11 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். இப்படித் தவறிய கணக்கை நீங்கள் வாசித்துக் காட்டி வாயால் பதில் கேளுங்கள். 5 என்று சரியாகச் சொன்னால் அவனுக்குக் கணக்கு தெரியும், வாசித்துப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல். அதற்குக் கணக்கு டியூஷன் எதற்கு?

மூன்றாம் வகுப்பு முடியும்போது நிமிடத்துக்கு 60 சொல் வாசிக்க வேண்டுமாம். என் மகன் தமிழில் 35தான் வாசிக்கிறான்.
— வாசகி, கும்பகோணம்

60 என்பது மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய, சிறு வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் ‘நிபுண் பாரத்’ திட்டத்தின் இலக்கு. எல்லா மொழிக்கும் ஒரே எண்ணைப் பொருத்தினால் தமிழ்ப் பிள்ளைக்கு அநியாயம். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே மூன்று சொல். 2022இல் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலேயே வாசிப்பு வேகத்துக்கு மொழிவாரியாகத் தனித்தனி அளவுகோல் வைத்தார்கள்.

வேகத்தைவிட எப்படி வாசிக்கிறான் என்று கேளுங்கள். அவன் முன்பின் பார்க்காத பத்தி ஒன்று, மொபைலில் ஒரு நிமிட டைமர். வாசித்த சொற்களில் தவறானவற்றைக் கழித்துவிடுங்கள். பிறகு பத்தியை மூடிவிட்டு நான்கு கேள்விகள். இப்படி மூன்று நாள், மூன்று பத்தி. வரும் மூன்று எண்களில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகப் பத்தியை வைத்துச் சோதிப்பது வீண், பாதி மனப்பாடமாக வரும். 35 சொல் வாசித்து நான்குக்கு மூன்று சரியாகச் சொன்னால் தினம் பத்து நிமிடம் உரக்க வாசித்தால் போதும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து, முடிக்கும்போது முதல் வரி மறந்துவிடுகிறது என்றால் டீச்சரிடம் பேசுங்கள்.

அதற்கும் முன் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கற்றல் குறைபாடு என்று உறுதிசெய்வது பொதுவாக 8 வயதுக்குப் பிறகுதான். அதுவரை காத்திருந்து வாசிப்புப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஒலிம்பியாட் தேர்வில் என் மகளுக்கு ‘62 பெர்சன்டைல்’ வந்திருக்கிறது. வகுப்பில் 90க்குக் கீழே வாங்கியதே இல்லை!
— வாசகர், ஓசூர்

62 மார்க் இல்லை அது. எழுதியவர்களில் நூற்றுக்கு 62 பேர் அவளுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அர்த்தம். 40க்கு 36 வாங்கியும் 62 பெர்சன்டைல் வரலாம். தாள் சுலபமாக இருந்தால் எல்லோரும் மேலே குவிந்துவிடுவார்கள், இரண்டு கேள்வியில் இருபது படி மாறும். தவிர, இந்தத் தேர்வைப் பணம் கட்டி எழுத வருவதே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான். எத்தனை கேள்வி சரி என்று தாளில் பாருங்கள்.

எல்.கே.ஜி. ரிப்போர்ட்டில் ‘பென்சில் பிடிப்பு: முயற்சி தேவை’ என்று போட்டிருக்கிறார்கள். தினம் இரண்டு பக்கம் எழுத வைக்கிறோம், அழுகிறான்.
— வாசகி, பொள்ளாச்சி

எழுத வைப்பதை நிறுத்துங்கள். சப்பாத்தி மாவு பிசையட்டும், துணி கிளிப்பை விரலால் அழுத்தி மாட்டட்டும், உடைந்த சின்ன கிரேயானைக் கொடுங்கள், தானாக மூன்று விரலில் பிடிப்பான். அவன் பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஒரே வகுப்பில் பதினோரு மாதம் மூத்த பிள்ளையும் இருக்கும். நான்கு வயதில் அது கிட்டத்தட்ட ஆயுளில் கால் பங்கு.