“சார், என் கேஸ் என்னாச்சு?” – வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: பிராக்டீஸுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு சிவில் வழக்கில் எதிருரை (பிரதிவாதியின் பதில்) தாக்கல் செய்ய வேண்டிய வாய்தாவை டைரியில் தேதி மாற்றி எழுதிவிட்டேன். எங்கள் தரப்பு இல்லாமலே நடக்கும்படி வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. கட்சிக்காரர் போன் செய்தபோது பயத்தில், “வாய்தா தள்ளிப் போயிருக்கு” என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரியாமலே மனு போட்டுச் சரிசெய்துவிடலாமா?
– இளம் வழக்கறிஞர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வேண்டாம் தம்பி. இதைப் படித்து முடித்ததும் அவருக்குப் போன் செய்யுங்கள், முடிந்தால் ஆபீசுக்கே வரச் சொல்லுங்கள்.

தேதி மாறிப்போவது எல்லா வக்கீலுக்கும் ஒருநாள் நடக்கும், அதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். வெறும் எக்ஸ்பார்ட்டி என்று மட்டும் பதிந்திருக்கிறதா, தீர்ப்பே வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். தீர்ப்பு வரவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 7-ன் கீழ் மனு, வந்துவிட்டால் விதி 13. தீர்ப்பு வந்த நாளிலிருந்து 30 நாள்தான் கணக்கு. அது தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும், அங்கே ஒவ்வொரு நாளும் பாரம்தான்.

நான் தொழிலுக்கு வந்த நாலாவது வருஷம் இதையேதான் செய்தேன். ஒரு புரோநோட்டு வழக்கு, பிரதிவாதி வயதான விவசாயி. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்ததை அவரிடம் மறைத்து, மனு போட்டு எப்படியும் மீட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாசம் ஒருமுறை மஞ்சப்பையோடு வருவார், “நடந்துட்டு இருக்குங்கய்யா” என்று அனுப்பிவைப்பேன். மனு தள்ளுபடி ஆனதையும் சொல்லவில்லை. கடைசியில் தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா மாட்டை வித்தாவது கட்டியிருப்பேனே தம்பி” என்றார். அதற்குள் வட்டியும் செலவுத்தொகையும் அசலுக்கு மேல் ஏறியிருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த மஞ்சப்பை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இன்றைக்கு உங்கள் கட்சிக்காரருக்கு அமீனா வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு கொண்ட சிஎன்ஆர் எண்ணை, வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் அவர் பேரன் தட்டினாலே எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் சொல்லி அவர் தெரிந்துகொள்வதும், பேரன் சொல்லித் தெரிந்துகொள்வதும் ஒன்றா?

இன்னொன்று, மனுவுக்கான பிரமாணப் பத்திரத்தில், வராததற்குக் காரணமாக அவருக்கு மஞ்சள் காமாலை வந்ததாகத் தயவுசெய்து எழுதாதீர்கள். நம் ஊர் கோர்ட்டுகளில் இது பழகிப்போன வழக்கம், ஆனால் வராத காமாலைக்குச் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவது அவர்தான், நீங்கள் இல்லை. தவறு வக்கீலுடையது என்று நேராகவே எழுதுங்கள். வக்கீலின் தவறுக்காகக் கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கிலும் அது கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் உண்மையைச் சொல்லிக் கேட்பதற்கு அது ஒரு பிடிப்பு. நடந்ததைச் சொல்லும்போதே, “வேறு வக்கீல் வைத்துக்கொள்ள நினைத்தால் கேஸ் கட்டைத் தந்துவிடுகிறேன்” என்றும் சொல்லிவிடுங்கள். வழக்கில் உங்களுக்குள்ள தொடர்போ நலனோ அவர் உங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்ற முடிவைப் பாதிக்குமானால், அதை மறைக்கக் கூடாது என்பது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. நான் பார்த்தவரை, இப்படிச் சொன்ன வக்கீலைவிட்டுப் போனவர்கள் குறைவு.

கேள்வி: ஓர் அம்மாவின் சொத்து வழக்கை நடத்துகிறேன். ஃபீஸ் கொடுப்பது வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன். அம்மா என்ன சொன்னார், என்ன கையெழுத்துப் போட்டார் என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சொல்லலாமா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: வக்காலத்தில் யார் கையெழுத்து இருக்கிறது? அந்த அம்மாவுடையது என்றால் அவர்தான் உங்கள் கட்சிக்காரர், பணம் யார் கொடுத்தாலும் சரி. அவர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது; முன்பு சாட்சியச் சட்டம் 126-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 132-வது பிரிவு. குற்றம் செய்வதற்காகச் சொன்னது போன்ற சில விஷயங்களுக்குத்தான் விதிவிலக்கு, மகன் அதில் வர மாட்டார்.

அந்த அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, “தம்பிகிட்ட எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக என்பது முக்கியம். மகன் வீடியோ காலில் இருக்கும்போது எந்தத் தாய் வேண்டாம் என்பார்? அப்புறம், கோர்ட் வராண்டாவில் ஸ்பீக்கரில் பேசும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், பக்கத்து பெஞ்சில் எதிர்த்தரப்பு மச்சினன் உட்கார்ந்திருப்பான்.

கேள்வி: விபத்து வழக்கில் “வர்ற தொகையில 20 சதவீதம் எடுத்துக்குங்க” என்று கட்சிக்காரரே சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் பணத்தில் பங்கு வாங்குவதையும் பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது, அவரே முன்வந்து கொடுத்தாலும்தான். தொகையை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருக்காக ஏதாவது பணம் உங்கள் கைக்கு வந்தால் உடனே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நான் வக்கீல் இல்லை, கட்சிக்காரி. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி என் வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார். போன் செய்தாலும் எடுப்பதில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதற்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் அசல் பத்திரங்களின் பட்டியலோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் தமிழ்நாடு பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், வழக்கறிஞர் சட்டம் 1961-ன் 35-வது பிரிவில் விசாரிப்பார்கள்.

இதைப் படிக்கும் வக்கீல்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது கட்டைக் கேட்டு வந்தால் நிற்கவைத்துப் பேசாதீர்கள், ஒரு நாற்காலி போடுங்கள். ஒவ்வொரு பத்திரமாக எடுத்துக் காட்டி, பட்டியல் இரண்டு பிரதி போட்டு, ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாய்தா எந்தத் தேதி என்பதையும் அவர் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.