ஆர்.சி.யில் இருப்பவர் எங்கே?

கேள்வி (சுருக்கம்): சோழிங்கநல்லூரில் வசிக்கிறேன், ஐ.டி. வேலை. காலேஜ் நாளிலிருந்தே இரண்டு சீட் ஓப்பன் கார் மேல் ஆசை. தெரிந்த புரோக்கர் மூலம் 2012 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4 வந்தது. பிஒய் 01 பதிவு, 1,28,000 கி.மீ. ஓடியது, விலை 11.5 லட்சம். ஒன்றரை லட்சம் அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். பிறகுதான் மெக்கானிக்கிடம் காட்டினேன். கூரை மடங்கும் மோட்டார் திணறுகிறது, ஏ.சி. கூலிங் இல்லை, 90,000 கி.மீ.க்கு மேல் சர்வீஸ் ரெக்கார்டே இல்லை என்கிறார். கேட்டால், "தம்பி தம்பி" என்று பேசிய புரோக்கர் இப்போது போனை எடுப்பதே அபூர்வம். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) புதுச்சேரி முகவரியில் வேறொருவர் பெயர் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்காக அவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் புரோக்கர் கையில். வெள்ளிக்கிழமைக்குள் முழுப்பணம் தராவிட்டால் வண்டி கோவைப் பார்ட்டிக்குப் போய்விடுமாம். வீட்டிலும் சண்டை. வண்டியை வாங்கலாமா? வேண்டாமென்றால், அட்வான்ஸோடு மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேட்கலாமா?

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்றரைப் பக்கம் ஏ.சி., கூரை மோட்டார், புரோக்கரின் துரோகம், மாமனார் சொன்ன வார்த்தை. இவற்றில் எதுவும் வழக்கு ஆகாது. 1,28,000 கி.மீ. ஓடிய வண்டி என்று தெரிந்தே பேசி, ஓட்டியும் பார்த்திருக்கிறீர்கள். பழைய பொருளை நேரில் பார்த்து வாங்குகிறவர் தன் கண்ணைத் தானே நம்ப வேண்டும் என்பதுதான் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு. மீட்டரைத் திருப்பியிருந்தால் வேறு கதை. அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. மன உளைச்சலை இங்கேயே விட்டுவிடுங்கள்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பட்டது: ஆர்.சி.யில் வேறொருவர் பெயர்.

அந்த மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா? போனிலாவது பேசியதுண்டா? பெயர் மாற்றம் இன்று மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நடக்கிறது, ஓ.டி.பி. பதிவான உரிமையாளரின் போனுக்குத்தான் போகும். புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபமின்மைச் சான்று) வாங்க 28ஆம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். புரோக்கரிடம் இருக்கும் 29, 30 என்பது தேதி இல்லாத, வாங்குபவர் பெயர் இல்லாத இரண்டு தாள். அதில் இருப்பது அவர் கையெழுத்துதான் என்று யார் சொன்னது? புரோக்கர் சொன்னார். அவ்வளவுதானே?

புதுச்சேரி என்பதால் கூடுதலாகக் கேட்கிறேன். வாழ்நாள் வரியை மிச்சம் பிடிக்க, சென்னையிலும் கேரளத்திலும் வசிப்பவர்கள் புதுச்சேரியில் ஏதோ ஒரு வீட்டு முகவரியைக் காட்டிச் சொகுசு கார்களைப் பதிவு செய்தது ஊரறிந்த விஷயம். போலி முகவரி ஆவணம் தொடர்பாக 2017இல் கேரளக் குற்றப்பிரிவு வழக்குகளே போட்டது. உங்கள் வண்டியும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை ஈ.சி.ஆரில் கிளம்பி, ஆர்.சி.யில் உள்ள கதவு எண்ணைத் தேடிப் போய்க் கதவைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பெயரில் அங்கே யாரும் இருந்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

"பாண்டிச்சேரி தானே சார், அப்படியே ஓட்டலாம், எல்லாரும் ஓட்டறாங்க" என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வக்கீலான என்னிடம் வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் கட்சிக்காரர் ஒருவர் இதே போல ஒரு பழைய ஜெர்மன் காரை ஓப்பன் ஃபார்மில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு, வாங்கினார். இரண்டு வருடம் சிக்கல் இல்லை. பிறகு முட்டுக்காடு பக்கம் ஒரு ஸ்கூட்டரில் மோதினார். ஸ்கூட்டர் ஓட்டியவருக்குக் கால் முறிவு. போலீஸ் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. வண்டியைத் திரும்ப எடுக்க மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டோம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 497, 503 என்று பிரிவு எண்கள் மாறினாலும் நீதிமன்றம் முதலில் கேட்பது மாறவில்லை: ஆர்.சி. ஓனர் எங்கே? விசாரித்தால் அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வாரிசுகளைக் கண்டுபிடித்தோம். "அப்பா வண்டியை விற்றதே எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். கையில் இருந்த 29, 30 அந்த நாளோடு வெறும் காகிதம். இறந்தவர் பெயரிலிருந்து மாற்ற வாரிசுகள் 31ஆம் படிவத்தில் வர வேண்டும். அவர்கள் வந்தார்கள், விலை பேசிக்கொண்டு. கட்சிக்காரர் அவர்களுக்குக் கொடுத்த தொகை வண்டி விலையில் பாதிக்கு மேல். அதற்குள் வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று, டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

இன்சூரன்ஸும் கைகொடுக்கவில்லை. பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் இருந்தது. அடிபட்டவருக்கான மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டம் 157வது பிரிவின்படி வண்டியோடு கூடவே வரும். உங்கள் காருக்கு ஆன சேதம் அப்படி வராது. உங்கள் பெயருக்கு பாலிசி மாறியிருக்க வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. இசட்4இன் மடங்கும் கூரை ஒரு பக்கம் நசுங்கினால் பில் என்ன வரும் என்று உங்கள் மெக்கானிக்கையே கேளுங்கள்.

கொஞ்சம் சட்டம் படித்தவர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போடுவார்கள்: நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், கை மாறிக் கை மாறி விற்றிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று தீர்ப்பளித்ததே, அப்படியானால் வாங்கியவருக்கு என்ன பயம்? ஓட்டியவர் என்ற முறையில் நீங்கள் எப்படியும் எதிர்மனுதாரர்தான். பயப்பட வேண்டிய காரணம் இன்னொன்று. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே அந்த ஆர்.சி.காரர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். வண்டி என்னிடமிருந்து ஏமாற்றி வாங்கப்பட்டது என்று புகார் கொடுப்பார். அப்போது வண்டியோடு பிடிபடுகிறவர் நீங்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு மத்திய விதி இருக்கிறது: ஆர்.டி.ஓ. தரும் 29பி அங்கீகாரம் வேண்டும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார்; என்.ஓ.சி.க்கு அவரே விண்ணப்பிக்கலாம். இரண்டும் இருந்தால் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறேன். இல்லையென்றால், இந்த வண்டியை விற்கச் சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத ஒருவரிடம் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஆர்.சி.காரர் நேரில் கிடைத்தாலும் 11.5 லட்சம்தான் விலை என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் மறுபதிவுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து வாழ்நாள் வரி கட்ட வேண்டும். புதுச்சேரியில் கட்டிய வரியில் ஏதாவது திரும்ப வந்தால் அது ஆர்.சி.காரர் கணக்குக்குப் போகும், உங்களுக்கு வராது. 2027இல் 15 ஆண்டு முடிகிறது. புதுப்பிப்புக் கட்டணம் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய், அதற்கு ஆர்.டி.ஓ. பார்வைக்கும் வண்டியைக் கொண்டுபோக வேண்டும். சைலன்சர் மாற்றியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு தலைவலி. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் 35ஆம் படிவம் வரும் வரை எதுவும் நகராது. இத்தனையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "மலிவு" என்ற வார்த்தையை இன்னொரு முறை சொல்லுங்கள்.

என் யோசனை: வாங்காதீர்கள். அட்வான்ஸைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையும் திரும்ப வர வேண்டியதுதான். உரிமை மாற்ற முடியாதவர் வாங்கிய முன்பணத்தை வைத்துக்கொள்ள வழி இல்லை. வழக்குப் போட்டால் ஜெயிப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கோர்ட் கட்டணம் 3%, பெரிய தொகை இல்லை. ஆனால் தீர்ப்பு வாங்குவதற்கும், புரோக்கரிடமிருந்து அந்தத் தீர்ப்பை வசூலிப்பதற்கும் இடையில் வருடங்கள் போகும். போலீசில் போனால் "சிவில் மேட்டர்" என்று சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) மட்டும் கொடுத்து அனுப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. ஒன்றே கால் லட்சம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு லட்சம் என்றாலும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன். ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் பேச்சு சீக்கிரம் முடியும். அதுவரை வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றால் கோர்ட்டில் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள்.

பணம் வாங்கும்போது பரஸ்பரம் பாக்கி ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்த அன்று ஆதார் நகல், இரண்டு போட்டோ கொடுத்ததாகவும், "சும்மா ஃபார்மாலிட்டி" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது 30ஆம் படிவத்தில் வாங்குபவர் பகுதியாகத்தான் இருக்கும். அந்தத் தாளும் நகல்களும் கைக்கு வராமல் அவர் அலுவலகத்தை விட்டு எழுந்து வராதீர்கள்.