பணியில் கொல்லப்படும் போலீஸ்காரர்களுக்காக மக்கள் ஏன் வருத்தப்படுவதில்லை?

வருத்தப்படுவதே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்களும் போலீஸ் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளியாள் இதை இவ்வளவு ஆற்றாமையோடு கேட்க மாட்டார். என் அப்பா தூத்துக்குடி மாவட்டத்தில் ஏட்டாக இருந்து, சிறப்பு எஸ்.ஐ. ஆகி ஓய்வு பெற்றவர். நான் போலீஸ் லைனில், அதாவது காவலர் குடியிருப்பில், வளர்ந்தவள். அதனால் நடுநிலையாகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

மக்கள் வருத்தப்படுகிறார்கள். ஆனால் செத்தவர் யார், என்ன செய்துகொண்டிருந்தபோது செத்தார் என்று பார்த்து வருத்தப்படுவதில்லை. அந்த மாதம் காக்கிச் சட்டையின் மேல் ஊருக்கு எவ்வளவு கோபம் இருக்கிறதோ அதைக் கழித்துக்கொண்டு, மிச்சம் இருப்பதைத்தான் செத்தவருக்குக் கொடுக்கிறார்கள். 2020-ம் ஆண்டு ஒன்றே போதும் இதைப் புரிந்துகொள்ள.

ஜனவரி 8-ம் தேதி இரவு கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவர் படத்தைத்தான் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். (அப்போதும் ஒரு கூட்டம் வில்சனைப் பற்றிப் பேசியதைவிடச் சுட்டவர்களின் மதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியது. அது வேறு வேதனை.) ஜூன் மாதம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அடிபட்டு, சில நாட்களில் இரண்டு பேரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த வாரம் அப்பா கடைக்குப் போகும்போதெல்லாம் காக்கிப் பேண்ட்டுக்கு மேல் கலர் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார். யாருக்கும் பயந்து இல்லை, வெட்கம் அவருக்கு. "பெத்தவனையும் பிள்ளையையும் ஒரே ராத்திரியில... இதுக்கு என்ன சமாதானம் சொல்ல" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரியாக இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 18-ம் தேதி, சாத்தான்குளம் இருக்கும் அதே தூத்துக்குடி மாவட்டம். இரட்டைக் கொலை வழக்கில் தேடப்பட்டுவந்த துரைமுத்து என்பவர் வல்லநாடு பக்கம் மணக்கரையில் பதுங்கியிருக்கிறார் என்று தனிப்படை போகிறது. சுற்றி வளைத்ததும் நாட்டு வெடிகுண்டை வீசுகிறார். காவலர் சுப்பிரமணியன் அந்த இடத்திலேயே உயிரிழந்தார். குண்டு வீசியவரும் அதே வெடியில் செத்தார். சுப்பிரமணியன் முப்பது வயதைத் தொடாதவர். வீட்டில் கைக்குழந்தை.

மறுநாள் அவர் ஊரான பண்டாரவிளையில் அடக்கம். அப்பாவுக்கு அங்கேதான் பந்தோபஸ்து. டிஜிபி திரிபாதி சென்னையிலிருந்து வந்து உடலைத் தோளில் சுமந்தார். அப்பா வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. துஷ்டி வீட்டிலிருந்து வருகிறார் என்று அம்மா முற்றத்தில் வெந்நீர் வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் என் அத்தை மகன் போட்டிருந்ததை அப்பாவும் பார்த்துவிட்டார்: "ஜெயராஜ் பென்னிக்ஸ் ஆத்மா சாந்தியடைந்திருக்கும்." அதற்குக் கீழே கும்பிடுபோட்ட கைகள், வரிசையாக. போட்டவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், அப்பாவின் சிபாரிசில் வண்டியை மீட்டவர்கள், தொலைந்துபோன செல்போனுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாய் அலைந்தவர்கள்.

நான் அவனுக்கு உடனே போன் போட்டேன்.

"ஏல, அந்தப் பையன் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷன். சாத்தான்குளத்துக்கும் அவனுக்கும் என்னல சம்பந்தம்?"

"மைனி, நான் மாமாவையா சொன்னேன்? போலீஸ்காரனைப் பொதுவால்லா சொன்னேன்."

"பொதுவுன்னா அதுல ஒன் மாமா இல்லையா?"

அவனிடம் பதில் இல்லை. அப்பா பக்கத்திலிருந்து, "விடு. அவனுக்கும் கோவம் இருக்கும்லா" என்றார். அப்பாவின் அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை வரவில்லை. வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சாத்தான்குளத்துக்காகக் கோபப்பட வேண்டும், நானும் பட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஆழ்வார்திருநகரிக்காரன் ஒருவனின் உயிரை ஈடாக எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

இதைப் படித்ததும் "கஸ்டடி கொலைக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று கமெண்ட் எழுதச் சிலர் வருவார்கள் என்று தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாத்தான்குளத்தில் அன்றிரவு என்ன நடந்தது, லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொன்னது யார்? தலைமைக் காவலர் ரேவதி. அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண். கூட வேலை பார்த்தவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்வது என்றால் என்ன என்று லைனில் வளர்ந்த எனக்குத் தெரியும். அவரும் காக்கிதான் போட்டிருந்தார். "பொதுவாக" என்று சொல்பவர்கள் அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

மற்றபடி, எந்தச் சாவு மனதில் நிற்கும் என்பதைக் கேமராவும் தீர்மானிக்கிறது. 2010 ஜனவரியில் ஆழ்வார்குறிச்சி எஸ்.ஐ. வெற்றிவேலை, வேறொரு எஸ்.ஐ. என்று நினைத்து ஆள் மாறி வெட்டினார்கள். அவர் ரோட்டில் ரத்தத்தில் கிடந்து உதவி கேட்டதும், அமைச்சர்களின் வாகன வரிசை அங்கே வந்து நின்றதும் டிவியில் ஓடியது. அதனால்தான் இன்றும் நினைவிருக்கிறது. கேமரா இல்லாத இடத்தில் செத்தவர்களை அவர்கள் ஊர்க்காரர்களைத் தவிர யாருக்குத் தெரியும்? 1959 அக்டோபர் 21-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படை சுட்டு 10 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அந்த நாளைத்தான் வருடா வருடம் காவலர் வீரவணக்க நாளாக அனுசரிக்கிறார்கள். ஆயுதப்படை மைதானத்தில், நாடு முழுக்க அந்த வருடம் இறந்தவர்களுக்கு அஞ்சலி நடக்கும். சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறேன். வந்திருந்தவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான்.

2021 நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ராத்திரி ரோந்தில் ஆடு திருடர்களைப் பைக்கில் விரட்டிக்கொண்டு மாவட்ட எல்லை தாண்டி கீரனூர் பக்கம் வரை போய் மடக்கினார். அங்கே வெட்டிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். "ஒரு ஆட்டுக்குப் போயி தனியா யாராவது போவாங்களா" என்று எத்தனை பேர் என்னிடமே கேட்டார்கள் தெரியுமா? ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் ஃபீஸும் மகளின் பிரசவச் செலவும் அந்த ஆட்டில்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்காரி மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு அழுதுகொண்டு வருவாள் என்று பூமிநாதனுக்குத் தெரியும், அதனால் போனார்.

இதற்கு நேர் எதிரான எதிர்வினையும் எனக்குப் பிடிப்பதில்லை, சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட்டில் திருப்பூர் மாவட்டம் குடிமங்கலத்தில் அப்பனும் மகன்களும் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள் என்று தகவல் வந்து, விலக்கிவிடப் போன சிறப்பு எஸ்.ஐ. சண்முகவேலை வெட்டிக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரை ஒன்றிரண்டு நாளில் என்கவுண்டரில் சுட்டார்கள். அதற்கு விழுந்த கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட சண்முகவேலுக்கு விழவில்லை. ராத்திரியில் இரண்டே ஆளாக ஒரு தோட்டத்துக்குள் ஏன் போக வேண்டியிருந்தது, ஸ்டேஷன்களில் ஏன் ஆள் இல்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எங்களுக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

நஷ்டஈட்டிலும் இதே கதைதான். வில்சனுக்கு 1 கோடி, சுப்பிரமணியனுக்கு 50 லட்சம், பூமிநாதனுக்கு 1 கோடி, சண்முகவேலுக்கு 30 லட்சம். எந்தக் கணக்கில் என்று நானும் பலரிடம் கேட்டுவிட்டேன். "போலீஸுக்கு இதுவே அதிகம்" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன். அப்பா ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாடகைக்கு வீடு தேடினோம். வேலை என்ன என்று கேட்பார்கள், போலீஸ் என்றதும் "சொந்தக்காரங்க வர்றாங்க" என்பார்கள். ஒரு அம்மா மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "உங்களக் காலி பண்ணச் சொல்ல எங்களால முடியாது சார்." வாழ்நாளில் ஒரு மாத வாடகைகூட பாக்கி வைக்காத மனுஷன், ரிட்டயர்மெண்ட் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் நின்றார். லோனுக்குப் போனால் வங்கியிலும் இதே பார்வைதான். கடைசியில் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு ஏட்டையா தன் வீட்டு மாடியைக் கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் இன்றும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.