விழாமலேயே வரும் தண்டுவடப் பாதிப்பு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறாள். பலகையிலிருந்து விழுந்தால் முதுகுத்தண்டு போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவளுக்கும் இந்த ஆபத்து உண்டா?
– வாசகி ஒருவர், சென்னை

பதில்: நீச்சல் மூழ்காமல் காக்கும்; கழுத்தைக் காக்காது. ஆழமில்லாத இடத்தில் அலை புரட்டிப்போட்டுத் தலை மணல்திட்டில் மோதும்போது, உடலின் வேகமும் எடையும் கழுத்தில் இறங்குவதால், எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். தொழில்முறை வீரராகும் நிலையில் இருந்த ஜெஸ்ஸி பில்லாவர், 1996இல் கலிபோர்னியாவில் இப்படி மோதித்தான் 17 வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தார். ஆகவே தலைகீழாகப் பாயாமல், கைகளால் தலையை மறைத்தபடி தட்டையாக விழுவதற்கு உங்கள் மகள் முதலில் பழக வேண்டும்.

உங்கள் உறவினர்கள் சொல்லாத இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். விழாமலும் எதிலும் மோதாமலும், பலகையில் குப்புறப் படுத்திருந்ததாலேயே கால்கள் செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஹவாய் மருத்துவர்கள் 2004இல் இப்படிப்பட்ட 9 பேரைப் பற்றி எழுதிய பிறகே இதற்கு 'சர்ஃபர்ஸ் மைலோபதி' (அலைச்சறுக்குவோரின் தண்டுவடப் பாதிப்பு) என்ற பெயர் பரவலாயிற்று. மிக அரிதான இந்நோய், பெரும்பாலும் முதன்முறை பலகை ஏறும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கே வருகிறது என்பதுதான் வியப்பு. அலைக்காகக் காத்திருந்தும் கைகளால் துழாவியும் நெடுநேரம் முதுகைப் பின்னோக்கி வளைத்தே வைத்திருக்கும்போது, தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குச் செல்லும் இரத்தம் தடைப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது.

முதலில் நடுமுதுகிலோ கீழ்முதுகிலோ திடீரென வலி தோன்றும். புதிதாகக் கற்பவர்கள் அதைத் தசைப்பிடிப்பு என்று பொறுத்துக்கொண்டு தொடர்வார்கள், அது தவறு. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கால்கள் மரத்துத் தளரலாம், சிறுநீர் கழிக்க முடியாமலும் போகலாம். சிலர் முழுமையாகத் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. உறுதியாகப் பலன் தரும் மருந்து இன்றுவரை இல்லை.

மகளை வகுப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால், பலகையில் நெடுநேரம் படுத்தே இருக்காமல் அவ்வப்போது எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதுகு வலித்தால் அந்த நொடியே பயிற்சியாளரிடம் சொல்லிக் கரையேறட்டும். கால் மரத்தாலோ சிறுநீர் பிரியாவிட்டாலோ, வலிநிவாரணி தடவிக் காத்திராமல், எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். காலையிலிருந்து பலகையில் குப்புறப் படுத்திருந்ததை அங்குள்ள மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அடிபடாத முதுகைப் பார்க்கும் எவருக்கும் இந்த நோய் எளிதில் நினைவுக்கு வராது.