நொச்சிச் சாறும் எலிப் பாதமும்: வாசகர் கேள்விகள்

"எலியில் வீக்கம் குறைந்தது என்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள்?" (சாவகச்சேரி)

சிவப்புக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் கராஜீனனை எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். பாதம் வீங்கும். அதற்கு முன்பே ஒரு கூட்டத்துக்கு மூலிகைச் சாறு, இன்னொன்றுக்கு வெறும் நீர், மற்றொன்றுக்கு வீக்கத்தைக் குறைப்பதாக ஏற்கெனவே தெரிந்த மருந்தான இன்டோமெதசின் கொடுத்திருப்பார்கள். அப்புறம் மணிக்கொருதரம் பாதத்தின் கனவளவைப் பார்ப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேர வீக்கத்துக்கு உடலே சுரக்கும் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற இரசாயனங்கள் காரணம். பிந்திய வீக்கத்தில் புரொஸ்டாகிளான்டின் என்ற இன்னொரு உடல் இரசாயனம்தான் முக்கியம். ஆகவே எத்தனை வீதம் குறைந்தது என்பதோடு, எந்த மணியில் குறைந்தது என்றும் பாருங்கள். இன்டோமெதசின் கூட்டமே இல்லாத ஆய்வென்றால் நான் பெரிதாக எடுப்பதில்லை.

"சூட்டுத்தட்டில் எலி கூடுதல் நேரம் நின்றது. நோ குறைந்ததாக எழுதலாமா?" (மாணவி, கைதடி)

அவசரப்படாதீர்கள். தட்டு 55 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். எலி காலை நக்கும் அல்லது துள்ளும் வரை நேரம் பார்க்கிறோம். தூக்கம் பிடித்த எலியும், தசை தளர்ந்த எலியும் பேசாமல் நிற்கும். சுழலும் தண்டில் அதே எலி விழாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அசற்றிக் அமிலம் ஏற்றி, சுண்டெலி வயிற்றை முறுக்குவதை எண்ணும் சோதனையை மட்டும் நம்பவேண்டாம். வலிநிவாரணி அல்லாத மருந்துகள் சிலவும் அதில் 'பாஸ்' ஆகிவிடும். இரண்டு மூன்று சோதனைகள் ஒரே கதையைச் சொன்னால் எழுதுங்கள்.

"அம்மம்மா முழங்கால் நோவுக்கு நொச்சியிலை அவித்துக் குடிக்கிறா. ஆய்வுக் கட்டுரையில் எதனோல் (மதுசாரம்) சாறு. இரண்டும் ஒன்றா?" (நல்லூர்)

இல்லை. நீரில் இறங்குவது வேறு, எதனோலில் இறங்குவது வேறு. 2003 இல் இலங்கை ஆய்வாளர்கள் முற்றிய பச்சை நொச்சியிலையின் நீர்ச் சாற்றையே எலிகளுக்குக் கொடுத்து, வீக்கமும் நோவும் குறைவதைக் கண்டார்கள். அம்மம்மாவின் கசாயத்துக்கு அது கிட்ட வருகிறது. ஆனாலும் எலி எலிதான்.

"எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் 60 கிலோ எடையுள்ள எனக்கு 12 கிராமா?" (பருத்தித்துறை)

அப்படிப் பெருக்கக்கூடாது. எலி அளவை மனித அளவாக மாற்ற, உடல் மேற்பரப்பை வைத்து வந்த எண்ணான 6.2 ஆல் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 32 மில்லிகிராம்; உங்களுக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஆய்வைத் திட்டமிடுவதற்கான கணக்கு, குடிக்கும் அளவல்ல.

"டைக்ளோபெனாக் நோ மாத்திரையோடு நொச்சிக் கசாயமும் குடிக்கலாமா?" (மானிப்பாய்)

சிறுநீரக நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மருந்து எடுத்தாலோ வேண்டாம். மற்றவர்களும் வைத்தியரிடமும் பரியாரியாரிடமும் இரண்டையும் சொல்லிவிட்டே குடியுங்கள்.