ஐந்து மெய்நிகர் கணினிகளுக்கு ஒரு பெட்டி: முதலில் ரேமை எண்ணுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். மாலையில் இணையவழியாகக் கணினி வலையமைப்புப் பாடம் படிக்கிறேன். பயிற்சிக்காக ஒரு விண்டோஸ் சர்வர், ஒரு விண்டோஸ் 11, இரண்டு லினக்ஸ், ஒரு ஃபயர்வால் (வலையமைப்புக் காவல் அமைப்பு) என ஐந்து மெய்நிகர் கணினிகள், அதாவது ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாகும் கணினிகள், ஒரே நேரத்தில் ஓட வேண்டும். என் 8 ஜிபி மடிக்கணினி இரண்டாவதைத் திறந்ததுமே திணறுகிறது. கையில் 1,500 ரிங்கிட் இருக்கிறது. ஈப்போவில் ஒரு கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேமிங் கணினி வாங்கச் சொல்கிறார். இணையத்தில் 14 கருக்கள் (கோர்கள்) கொண்ட, இன்டெலின் ஸியோன் செயலி உள்ள கணினி ஒன்று இந்தப் பணத்துக்கே கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: சகோதரி, இரண்டும் வேண்டாம். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட அலுவலக மேசைக்கணினி ஒன்றை வாங்குங்கள். மிஞ்சும் பணம் ரேமுக்கும் (தற்காலிக நினைவகம்) எஸ்எஸ்டிக்கும் (சுழலாத சேமிப்பு வட்டு) போகட்டும். உங்கள் மடிக்கணினிக்கு வேகம் போதவில்லை என்பதைவிட ரேமில் இடம் போதவில்லை என்பதே உண்மை.

செயலியை மெய்நிகர் கணினிகள் மாற்றி மாற்றிப் பங்கு போட்டுக்கொள்ளும். நீங்கள் ஒன்றில் கட்டளை தட்டிக்கொண்டிருக்கும்போது மற்ற நான்கும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஆறு கருக்கள் உள்ள செயலியில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் பத்து ஒதுக்கினாலும் தடங்கல் வராது. ரேமில் இந்தச் சலுகை கிடையாது. 4 ஜிபி கேட்டு எழுந்த விண்டோஸ், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடத்தைப் பெரும்பாலும் விட்டுக்கொடுக்காது. இடம் தீர்ந்தால் மிச்சம் வட்டுக்கு வழியும். நீங்கள் பார்க்கும் திணறல் அதுதான்.

உங்கள் பட்டியலையே எண்ணிப் பார்ப்போம். சாளரத் திரையுடன் கூடிய விண்டோஸ் சர்வருக்கு 4 ஜிபி. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி. கட்டளை வரியில் மட்டும் ஓடும் லினக்ஸ் இரண்டுக்கும் தலா 2, ஃபயர்வாலுக்கு 2. மொத்தம் 14. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அடிப்படை அமைப்புக்கு இன்னும் 2 வேண்டும். ஆக 16 ஜிபி என்பது மூச்சு முட்டும் அளவு. 32 ஜிபி இருந்தால் ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கவும் தயங்க வேண்டாம்.

கேமிங் கணினியின் விலையில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் அட்டைக்குப் போகிறது. உங்கள் ஐந்து கணினிகளில் ஒன்றுகூட அதைத் தொடப்போவதில்லை. என்ன வேலைக்கு என்று கேட்காமலே பொருளை எடுத்து வைக்கும் கடையில் நான் காசு கொடுக்க மாட்டேன்.

ஸியோன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. இப்படி விற்கப்படுபவற்றில் அடிக்கடி தென்படுவது 2016-இல் வெளிவந்த இ5-2680 வி4. 14 கருக்கள், 28 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தொடர்கள்); சர்வருக்கென்றே செய்யப்பட்ட நல்ல செயலி. ஆனால் அதை உட்கார வைத்திருக்கும் மதர்போர்டு பெரும்பாலும் பெயர் தெரியாத தயாரிப்பு. பழுதானால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புக்கோ உத்தரவாதத்துக்கோ யாரிடம் போவது? செயலியில் திரைக்கான வசதி இல்லாததால் தனி கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டும். மின்கட்டணத்தையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 100 வாட் இழுக்கும் பெட்டி, இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட் தின்னும். 30 வாட்டில் அடங்கும் அலுவலகக் கணினிக்கு 22 யூனிட்கூட ஆகாது. 128 ஜிபி ரேம் தேவைப்படும் ஒருவருக்கு ஸியோனைப் பரிந்துரைப்பேன், உங்களுக்கு அல்ல.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 ஆகிய வரிசைகளில் தேடுங்கள். ஐ5-8500 செயலி போதும்: ஆறு கருக்கள், திரை வசதி உள்ளேயே உண்டு. ஐ7-8700 கட்டுப்படியானால் அதே ஆறு கருக்களோடு பன்னிரண்டு இழைகள் கிடைக்கும். இந்த இரண்டும் சேர்ந்த எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் செயலிகள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. நாளை இதே பெட்டியை வீட்டுக் கணினியாக மாற்ற நினைத்தால் வழி திறந்திருக்கும். உள்ளங்கை அளவுப் பெட்டிகள் அழகுதான். ஆனால் அவற்றில் ரேமுக்கு இரண்டே இடங்கள், அதுவும் மடிக்கணினி ரேம். நான்கு இடங்கள் உள்ள சற்றுப் பெரிய பெட்டியே மேல்.

2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகம் அள்ளிக்கொண்டு போகப்பட்டதன் விளைவு இது. அதனால் 8 ஜிபி கணினியை மலிவாக வாங்கிப் பிறகு ரேம் சேர்ப்பதைவிட, 16 அல்லது 32 ஜிபி ஏற்கெனவே பொருத்தப்பட்டதை வாங்குவது லாபமாக இருக்கலாம். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். ரேம் தனியாக வாங்குவதானால் அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். ‘பிசி4-2400டி’ போன்ற எண்ணுக்கு அடுத்து ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் உங்கள் கணினிக்குப் பொருந்தும் வகை. ‘ஆர்’ வந்தால் அது சர்வர் ரேம். விலை குறைவு என்று வாங்கி மாட்டினால் கணினி எழாது.

கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லுங்கள். டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 விசையை அழுத்திப் பயாஸுக்குள் போய், இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற வரியைத் தேடி இயக்குங்கள். அது அணைந்திருந்தால் 64 பிட் மெய்நிகர் கணினி எதுவும் ஓடாது. பயாஸ் கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள். பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. கடைக்காரர் அங்கேயே திறந்து காட்டினால் மட்டுமே பேரம் தொடரட்டும்.

வட்டு எஸ்எஸ்டியாகவே இருக்க வேண்டும். ஐந்து கணினிகள் ஒரே வேளையில் ஆளுக்கொரு மூலையில் எழுதவும் படிக்கவும் கேட்டால், சுழலும் வட்டின் முள் அங்குமிங்கும் ஓடியே ஓய்ந்துவிடும். 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) போதும். 1 டிபி கிடைத்தால் ஸ்னாப்ஷாட் (ஒரு மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து வைக்கத் தாராளமாக இடம் இருக்கும்.

அடிப்படை அமைப்பாக, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸைப் பரிந்துரைக்கிறேன். டெபியன் என்ற லினக்ஸ் மேல் கட்டப்பட்டது, சந்தா இல்லாமலே ஓடும். நிறுவும்போது மட்டும் ஒரு திரையும் விசைப்பலகையும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெட்டி ஒரு மூலையில் இருக்கட்டும். திணறும் அந்த மடிக்கணினியின் உலாவியிலிருந்தே ஐந்தையும் இயக்கலாம், அந்த வேலைக்கு 8 ஜிபி ஏராளம். நிறுவும்போது வட்டு வடிவத்தில் இசட்எஃப்எஸ் பக்கம் போகாமல் இஎக்ஸ்டி4-ஐத் தேர்ந்தெடுங்கள். இசட்எஃப்எஸ் தன் பங்குக்கு ரேம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் சர்வருக்கு மைக்ரோசாஃப்டே 180 நாள் சோதனைப் பதிப்பை இலவசமாகத் தருகிறது.

மின்சாரம் போனாலும் பேட்டரியில் சற்று நேரம் தாங்கும் யுபிஎஸ்ஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். பேராக்கில் பிற்பகலில் இடி இறங்காத வாரம் அரிது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் மோசம். தோட்டப் பக்கத்து மின்கம்பியில் ஒரு கிளை சாய்ந்தாலே வீடு இருண்டுவிடும். ஐந்து கணினிகள் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், மறுபடி வரும்போது ஒன்றிரண்டு எழாமல் போகலாம். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வடத்தைக் கணினியில் செருகி உரிய மென்பொருளை அமைத்துவிட்டால், பேட்டரி தீரும் முன் எல்லாவற்றையும் அதுவே ஒழுங்காக அணைத்துவிடும். இந்தப் பிராண்டுப் பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கி அந்தந்த நிறுவனத்தின் தனி அளவில் இருப்பதால், எரிந்துபோனால் பக்கத்துக் கடையில் மாற்று கிடைக்காது. பெரிய இடி வரும்போல் இருந்தால் கணினியை அணைத்துவிட்டு மின்செருகியோடு வலையமைப்பு வடத்தையும் கழற்றிவிடுங்கள். செப்புக் கம்பி எதுவாக இருந்தாலும் மின்னலுக்கு வழிதான்.

ரசீதில் உத்தரவாதக் காலத்தைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவே மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை மென்பொருள் கொண்டு விடியும்வரை ரேமைச் சோதியுங்கள். அடுத்த நாள் ஐந்து கணினிகளையும் ஒன்றாக எழுப்பி, மதிய வெயிலில் சில மணி நேரம் ஓடவிட்டுச் செயலியின் வெப்பத்தைக் கவனியுங்கள். ரேம் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.