ஜோன் பயேஸின் முதல் இசைத்தட்டுகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

அமெரிக்க நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு அமெரிக்கப் பாடகி ஜோன் பயேஸின் தொடக்கக் கால இசைத்தட்டுகளைத் தேடிக் கேட்டுவருகிறேன். 1960இல் வெளிவந்த முதல் தட்டு எனக்குப் பிடிபடவே இல்லை. கைத்தட்டல் எதுவும் கேட்காததால் அது கச்சேரி அல்ல என்று தெரிகிறது. ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தில் செதுக்கிச் செய்ததுபோலவும் இல்லை. யாரோ ஒருவர் ஓர் அறையில் நின்று பாடிவிட்டுப் போனதுபோல இருக்கிறது. அப்படியானால் அதில் கலை என்று எதைச் சொல்வது?

இசையில் நல்ல பயிற்சி உள்ள என் நண்பர் ஒருவர், இவ்வளவு மெருகேறிய குரலை நாட்டுப்புறக் குரல் என்று ஒப்புக்கொள்ளவே முடியாது என்கிறார். 1963இல் பாடலாசிரியரும் பாடகருமான பாப் டிலன் வரும்வரை இவர் கல்லூரி மாணவர்களுக்குப் பழைய காதல் கதைகளையும் சாவுக் கதைகளையும் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தவர்தான் என்றும், அரசியல் முழுவதும் டிலனிடமிருந்து வந்தது என்றும் சொல்கிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. அந்த இசைத்தட்டு பதிவான இடம் ஒலிப்பதிவுக்கூடமும் அல்ல, கச்சேரி மேடையும் அல்ல. நியூயார்க்கில் பிராட்வேயும் 76ஆம் தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்த மன்ஹாட்டன் டவர்ஸ் என்னும் ஹோட்டலின் நடனக்கூடத்தில், 1960ஆம் ஆண்டுக் கோடையில் அது பதிவாயிற்று. புதன்கிழமை இரவுகளில் அங்கே பிங்கோ ஆட்டம் நடக்குமாதலால் அன்று மட்டும் பதிவு கிடையாது. அழுக்கேறிய ஒரு பழைய கம்பளத்தின் மேல், குரலுக்கு ஒன்றும் கிதாருக்கு ஒன்றுமாக இரண்டு மைக்குகளுக்கு முன்னால், மேடையில் வழக்கமாகப் பாடிவந்தவற்றையே பாடியதாகவும், அந்த வயதில் தனக்குத் தெரிந்ததே அவ்வளவுதான் என்றும் பயேஸ் பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் நினைவுகூர்ந்தார். நான்கு இரவுகளில் வேலை முடிந்தது. அப்போது அவருக்கு வயது 19.

தட்டில் இடம்பெற்ற பதின்மூன்று பாடல்களில் ‘மேரி ஹாமில்டன்’ ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் கதைப்பாடல். அரசியின் பணிப்பெண் ஒருத்தி தனக்குப் பிறந்த சிசுவைக் கொன்றுவிட்டுத் தூக்குமேடைக்குப் போகும் கதை. இதை அவர் ஒரே ஒருமுறைதான் பாடினார். அந்தப் பதிவே தட்டில் இருக்கிறது. கலை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆறு நிமிடங்களில் கிதார் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். கதையின் தொடக்கத்திலும் தூக்குமேடையின் அருகிலும் விரல்களின் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. சோகம் வரும் இடத்தில் கிதார் தானும் அழுவதில்லை. குரலும் உச்சத்தை எட்டுவதற்காகக் காத்திருந்து பாய்வதில்லை. இவ்வளவு பெரிய கொடுமையைச் சொல்லும்போது பாடுபவர் தன்னைக் கதைக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் இருப்பதற்கு, பத்தொன்பது வயதில் பெரிய கட்டுப்பாடு வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு அவரிடம் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1958இல், அவருக்கு 17 வயதானபோது, சான் பிரான்சிஸ்கோவில் சோதனைக்காக ஒரு பதிவு செய்தார்கள். அன்றைய வானொலியில் ஓடிய கலிப்சோ என்னும் கரீபியப் பாட்டுகள், ராக் அன்ட் ரோல் பாடல்கள் எல்லாவற்றையும் அவர் அதில் முயன்று பார்க்கிறார். அவர் புகழடைந்த பிறகு, 1964இல், பேன்டஸி நிறுவனம் அவருடைய விருப்பத்துக்கு மாறாக அதைத் தட்டாகவே வெளியிட்டது. அவர் வெட்கப்பட்டாலும், அதே குரல் தனக்கான பாட்டைக் கண்டடையாமல் அலைவதைக் கேட்க நேர்வது ஒருவகையில் நமக்கு நல்லதுதான். இதற்கும் ஹோட்டல் பதிவுக்கும் இடையே 1959இல் பாஸ்டனில், பில் உட், டெட் அலெவிசோஸ் என்ற இரு பாடகர்களோடு சேர்ந்து, நண்பர் வீட்டு நிலவறையில் ஒரு தட்டுக்காகப் பாடினார். வெரிடாஸ் என்ற சிறு நிறுவனம் அதை வெளியிட்டது. அதில் நாம் அறிந்த பயேஸ் ஏற்கெனவே வந்துவிட்டார். ஆக, மாற்றம் நிகழ்ந்தது இடைப்பட்ட ஓராண்டுக்குள். நிகழ்ந்த இடம் ஒரு காப்பிக்கடை.

தந்தை ஆல்பர்ட் பயேஸ் மெக்சிகோவில் பிறந்த இயற்பியலாளர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யில் அவருக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் 1958இல் கலிபோர்னியாவிலிருந்து பாஸ்டன் பக்கம் குடியேறியது. மகள் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சில காலத்திலேயே படிப்பை விட்டார். பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் சதுக்கத்தை ஒட்டிய தெருக்களில் அப்போது காப்பிக்கடைதோறும் யாராவது கிதாரோடு உட்கார்ந்திருப்பார்கள். மவுன்ட் ஆபர்ன் தெரு 47ஆம் எண்ணில் ஜாஸ் இசைக்காகத் தொடங்கப்பட்ட ‘கிளப் 47’இல் அவர் முதன்முதலாகப் பாடியபோது கேட்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் பெற்றோரும் தங்கையும் நண்பர்களுமே பெரும்பாலோர். கூலி பத்து டாலர். சில மாதங்களில் அவர் பாடும் நாட்களில் இடம் கிடைக்காத நிலை வந்தது.

அங்கே அவர் நடந்துகொண்ட விதம் பற்றி அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மாணவர் யாராவது காப்பியை வைத்துக்கொண்டு புத்தகம் படித்தால் பாட்டைப் பாதியில் நிறுத்தி, படிப்பதற்கு நூலகம் இருக்கிறதே என்பாராம். பதினெட்டு வயதுப் பெண்ணின் திமிர் என்று இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். எனக்கு அப்படிக் கடக்கத் தோன்றவில்லை. எப்படிப்பட்ட அவையில் பாடுவது, எப்படிப்பட்ட அவையில் பாடாமல் இருப்பது என்று முடிவெடுக்கும் உரிமை பாடுபவருக்கு உண்டு என்பதை அவர் அந்தக் காப்பிக்கடையிலேயே பிடிவாதமாக நிலைநாட்டிக்கொண்டார். உங்கள் நண்பர் அரசியல் என்று எதைச் சொல்கிறாரோ அது இந்தப் பிடிவாதத்திலிருந்து வளர்ந்தது என்பதுதான் என் எண்ணம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1959 கோடையில் சிகாகோவில் ‘கேட் ஆப் ஹார்ன்’ என்ற அரங்கில் இரண்டு வாரம் பாட ஆல்பர்ட் கிராஸ்மன் அவரை அழைத்தார். பிற்காலத்தில் டிலனின் மேலாளரான அதே கிராஸ்மன்தான். அங்கே பாடிக்கொண்டிருந்த பாப் கிப்சன், அந்த ஜூலையில் முதன்முறையாக நடந்த நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் தன் நிகழ்ச்சிக்கு நடுவே அவரை மேடையேற்றினார். நிகழ்ச்சி நிரலில் பெயரே இல்லாத பெண், ஏறத்தாழ 13,000 பேர் முன்னால், கிப்சனோடு சேர்ந்து இரண்டே பாடல்களைப் பாடினார். மறுநாளிலிருந்து இசைத்தட்டு நிறுவனங்கள் அவரைத் தேடத் தொடங்கின. இந்தக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள் என்பதால் நான் நீட்டவில்லை.

நீட்டிச் சொல்ல வேண்டியது அதற்கு அடுத்து நடந்தது. கொலம்பியா என்ற பெருநிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் அவரைத் தன் நிறுவனத்துக்கு அழைத்தார். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை முதன்முதலாகப் பதிவு செய்தவர் அவர். டிலனையும் 1961இல் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்தார். பயேஸ் கொலம்பியாவின் அலுவலகத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாலமன் சகோதரர்கள் நடத்திய வான்கார்ட் என்ற சிறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார். வான்கார்ட் முதன்மையாகப் பாக் முதலிய மேலைச் செவ்வியல் இசையைப் பதிவு செய்துவந்த நிறுவனம். அதே வேளையில், கம்யூனிஸ்டு முத்திரை குத்தப்பட்டு வானொலியும் தொலைக்காட்சியும் ஒதுக்கிவைத்த வீவர்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடகர் குழுவின் கார்னகி ஹால் கச்சேரியைத் துணிந்து தட்டாக வெளியிட்டதும் அதுதான். அந்தக் குழுவின் பிரெட் ஹெல்லர்மன் பயேஸின் முதல் தட்டில் சில பாடல்களுக்கு மட்டும் இரண்டாவது கிதார் வாசித்தார். வேறு வாத்தியம் எதுவும் சேர்க்கப்படவில்லை. கூட்டிசையும் பின்னணிக் குரல்களும் சேர்த்து நாட்டுப்புறப் பாடல்களை வானொலிக்கேற்ற பண்டமாக்குவது அன்று நடைமுறையாக இருந்தது. அது விற்கவும் செய்தது. எதையும் சேர்க்காமல் விட்டுவிட ஒப்புக்கொண்ட பதிப்பாளர் அவருக்கு அமைந்தார்; அப்படிப்பட்டவரைத் தேடித் தேர்ந்துகொண்டவரும் அவரே. 1960 இறுதியில் வெளிவந்த தட்டு மெல்ல மெல்லப் பரவி, ஈராண்டுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நின்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாவது தட்டும், பெரும் விற்பனைக்கு அளிக்கப்படும் தங்கத் தட்டுத் தகுதியை எட்டியது.

இனி உங்கள் நண்பரின் முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதில் பாதியை நான் ஏற்கிறேன். பயேஸின் குரல், பழைய நாட்டுப்புறப் பாடல்கள் வழிவழியாக வாழ்ந்த கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களின் குரல் அல்ல. அவர் கற்றதெல்லாம் இசைத்தட்டுகளிலிருந்தும் கேம்பிரிட்ஜின் சக பாடகர்களிடமிருந்தும்தான். தங்கள் பாடல்களை அவர் இசையமைப்போடு அப்படியே எடுத்துக்கொண்டார் என்று அவர்களில் சிலர் முணுமுணுத்ததும் உண்டு. முதல் தட்டில் எனக்கு ஒரு குறையும் படுகிறது. எல்லாப் பாடல்களுக்கும் ஒரே வகையான புனிதத்தன்மை வந்துவிடுகிறது. அந்த மலைப்பகுதியைச் சேர்ந்த பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தார் வீட்டுத் திண்ணையில் பாடுவதுபோல இயல்பாகப் பாடிய பாடல்கூட அவர் வாயில் தேவாலயத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

ஆனால் மெருகு இருப்பதாலேயே அது நாட்டுப்புறம் அல்ல என்னும் முடிவை என்னால் ஏற்க முடியாது. ‘மேரி ஹாமில்டன்’ போன்ற கதைப்பாடல்கள் நூற்றாண்டுகளாக எத்தனையோ குரல்களில் மாறி மாறி வந்தவை. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து கதைப்பாடல்களில் 305ஐத் திரட்டி, ஒவ்வொன்றின் வேறுபாடங்களோடும் 1882 முதல் 1898 வரை பல பகுதிகளாக வெளியிட்ட பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு ஹார்வர்டு பேராசிரியர். அவர் ஏட்டில் அடைத்துவைத்த பாட்டை, அவருடைய பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே, காப்பிக்கடையில் ஒரு மெக்சிகக் குடிபெயர்வாளரின் மகள் மறுபடி வாய்ப்பாட்டாக்கினார். இதற்கும் கிராமத்துச் சான்றிதழ் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிலன்தான் அரசியலைத் தந்தார் என்பதோ வெறும் ஆண்டுக்கணக்கிலேயே நிற்காது. பயேஸ், போரை ஏற்காத கிறித்தவப் பிரிவான குவேக்கர் சமயச் சூழலில் வளர்ந்தவர். மாணவியாக இருக்கையில் 1956இல் மார்ட்டின் லூதர் கிங்கின் உரையை நேரில் கேட்டார். 1958இல் பாலோ ஆல்டோ உயர்நிலைப்பள்ளியில் அணுகுண்டு ஒத்திகைக்காக எல்லோரும் கலைந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றபோது, ஏவுகணை வந்து சேருவதற்குள் யாரும் வீடு போய்ச்சேர முடியாது என்று வாதிட்டு, வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டில் டிலன் மினசோட்டாவில் பள்ளி மாணவர். அப்போது அவர் பெயரும் இன்னும் ராபர்ட் சிம்மர்மன்தான். இருவரும் சந்தித்ததே 1961இல்.

முதல் இரண்டு தட்டுகளில் வெளிப்படையான அரசியல் பாட்டு இல்லை என்பது உண்மைதான். பாட்டில் இல்லாத அரசியல் அரங்கில் இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் முதல்முறை பாடிவிட்டு வந்தபோது, தன் அவைகளில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை என்பதையும், அவர்களை உள்ளே விட்டிருக்கவே மாட்டார்கள் என்பதையும் அவர் உணர்ந்தார். அடுத்த பயணத்தில், கறுப்பினத்தவரை அனுமதிக்காத அரங்கில் பாட மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவைத்தார். அப்போதும் அவர்கள் வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அவருடைய பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. நம் ஊர் முற்போக்கு மேடைகளில் இருந்திருந்தால், அனுமதி கொடுத்தாயிற்று, வராதது அவர்கள் பாடு என்று கையைக் கழுவியிருப்பார்கள். பயேஸ் அவர்களுடைய கல்லூரிகளுக்கே பாடப் போனார். 1963இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி நாட்டுப்புற இசைக்கென்றே வாராந்தர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி, வீவர்ஸ் குழுவில் இருந்த பாடகர் பீட் சீகரை அரசியல் காரணத்துக்காக விலக்கிவைத்தபோது, அதில் தோன்ற மறுத்தவர்களில் பயேஸும் ஒருவர். நாடு முழுவதும் முகம் தெரிய வாய்ப்பளிக்கும் நிகழ்ச்சி அது.

இதனால்தான் 1962, 1963 ஆண்டுகளில் வந்த இரு கச்சேரித் தட்டுகளையும் அவருடைய முதல் காலகட்டத்தின் உச்சம் என்று கருதுகிறேன். முதல் தட்டின் வெற்றிக்குப் பிறகு எந்த நிறுவனமும் பாடகரை ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் அழைத்துப்போய் வாத்தியங்களைக் கூட்டவே முனையும். வான்கார்ட் மைக்குகளை எடுத்துக்கொண்டு அவருடைய பயணங்களுக்குப் பின்னால் போனது. முதலாவது கச்சேரித் தட்டில், அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்வீச்சு மழையில் கலந்து குழந்தைகள் மீது பெய்வதைப் பற்றி மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய பாடல் இருக்கிறது. தனக்குத் தெரிந்த எதிர்ப்புப் பாடல்களிலேயே மிக மென்மையானது இது என்று அறிமுகப்படுத்திவிட்டு அதைப் பாடுகிறார். அவருடைய தட்டுகளில் டிலனின் பாடல் எதுவும் அதுவரை இடம்பெற்றிருக்கவில்லை. டிலனின் பாடல்கள் இரண்டாவது கச்சேரித் தட்டில்தான் வருகின்றன. அவற்றால் பயேஸின் பாடல் தேர்வு விரிந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். அதுவரை இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய கொலைகளைப் பாடியவருக்கு, நேற்றைய நாளிதழின் கொலைகளைப் பாடுவதற்கான சொற்களை டிலன் தந்தார். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் இருந்தது. 1963 கோடையில் தன் கச்சேரிகளில் டிலனை மேடையேற்றி, அவரை அறியாத பெருங்கூட்டங்களைக் கேட்கவைத்தவர் பயேஸ்.

அந்த இரண்டாவது கச்சேரித் தட்டில் உள்ள, கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டப் பாடலான ‘வி ஷல் ஓவர்கம்’ பதிவு, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமை ஒட்டிய மைல்ஸ் கல்லூரியில் எடுக்கப்பட்டது. அது கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. 1963 வசந்தத்தில் பர்மிங்ஹாமில் கிங்கின் இயக்கம் உச்சத்தில் இருந்தது. பள்ளிக் குழந்தைகள்மீது காவல்துறை நாய்களை ஏவித் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கைது செய்துகொண்டிருந்தது. ஹோட்டல் நடனக்கூடத்தில் ஒருவர்கூட இல்லாமல் பாடிய அதே குரலையும் அதே ஒற்றைக் கிதாரையும் இங்கே கேட்கிறீர்கள். பாடும் முறையில் அவர் எதையும் கூட்டவில்லை, ஆனால் கேட்பவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள்.

நீங்கள் வெளிவந்த ஆண்டு வரிசையில் கேட்டுவருவதாகத் தெரிகிறது. நண்பருக்குப் போட்டுக் காட்டுவதானால் இந்தப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 1958இன் சோதனைப் பதிவை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள், அதை வைத்தே வாதத்தை மறுபடி தொடங்கிவிடுவார். முதல் தட்டுக்கு 2001இல் வந்த மறுபதிப்பு கிடைத்தால் நல்லது. அப்போது வெளியிடாமல் விட்ட பாடல்கள் சில அதில் சேர்க்கப்பட்டுள்ளன.

அன்புடன்